ரிக் நம்பர் சொல்லுங்க

எருமப்பட்டி
29-4-2025

மாப்பிள்ளை முருகானந்தம் அவர்களுக்கு,

பூவாத்தாள் எழுதிக்கொள்வது. குழந்தை சுகமாக இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிட்டேன். மீதியை உங்களுக்கு நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

அடுத்த மாதக் கடைசியில் வந்து இனியாவைத் திருச்செங்கோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவதாக என் மகன் வேல்முருகனுக்குப் போன் பண்ணினீர்களாம். பள்ளிக்கூடம் திறக்கிறதாம், அஞ்சாம் வகுப்பாம். அவன் என்னிடம் வந்து சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான். வர வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் காகிதம்.

எதற்குக் காகிதம் என்று கேட்பீர்கள். மருமகனுக்கு எதிரே நின்று மாமியார்க்காரி பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. என் மகளை உங்களுக்குக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து உங்களிடம் நான் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று கேட்பதற்கும் கதவுக்குப் பின்னால் நின்று சாரதாவைத்தான் கேட்கச் சொல்வேன். இப்போது நடுவில் நின்று சொல்கிறவள் இல்லை. வேல்முருகனைச் சொல்லச் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவான். நான் படித்தது நாலாவது வரைக்கும். எழுத்து கோணலாக இருந்தால் கோணலாகவே படித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு எதுவும் மறக்காது, மாப்பிள்ளை. கல்யாணத்தன்று தாலி கட்டி முடித்ததும், எங்கோ ராஜஸ்தானில் ஒரு ரிக் வண்டி பாதிக் குழியில் நின்றுபோச்சு என்று மாலையும் கழுத்துமாகப் பந்தலுக்கு வெளியே போய் நின்று போனில் பேசினீர்கள். "மாப்பிள்ளைக்கு இந்தப் பொண்ணு ரெண்டாந்தாரமாட்டம் இருக்குது, மூத்தவ போன்ல இருக்கறா" என்று என் ஓரகத்தி சொன்னாள். வந்திருந்த ஒறம்பரை ஜனம் எல்லாம் சிரித்தது. அவள் சொன்னதும் மறக்கவில்லை, என் பித்தளை அண்டாவை வாங்கிப்போனவள் இன்னும் திருப்பித் தராததும் மறக்கவில்லை. இனியாவுடைய தாத்தன் கருமாதியில் இலை முன்னால் உட்கார்ந்தவர் போன் அடித்ததும் எழுந்து போனீர்கள். சாப்பிடவும் இல்லை, இலையை மூடவும் இல்லை. ஈ மொய்த்த இலையைப் பார்த்துக்கொண்டு என் மகள் நின்றாள். அவள் நின்றதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போர் போடுகிற ரிக் வண்டியைக் கட்டுவதும், அது எந்த ஊரில் நின்றாலும் சரி பண்ண ஆள் அனுப்புவதும் உங்கள் வேலை. பெரிய இன்சினியர். ஊரில் எவன் ரிக் நின்றாலும் ரெண்டாவது மணிக்குள் போனை எடுக்கிற கை. சாரதா அதைப் பெருமையாகத்தான் சொல்லுவாள்.

மாசி மாதத்து அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நடந்ததை இனியா என்னிடம் ஒரே நாளில் சொல்லவில்லை. புளியங்கொட்டை தட்டும்போது கொஞ்சம், எருமைக்குத் தண்ணி காட்டும்போது கொஞ்சம். சமையல்கட்டுக் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சாரதா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அப்படியே சாய்ந்துவிட்டாள். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்திருக்கிறது. குழந்தை அவள் போனை எடுத்து உங்களுக்கு அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. நீங்கள் எடுக்கவில்லை. அப்புறம் அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த இன்னொரு நம்பருக்கு அடித்தாளாம். உங்கள் ரிக் வண்டி ஒவ்வொன்றின் முதுகிலும் ராப்பகல் சர்வீஸ் என்று எழுதிக் கீழே பெரிதாகப் போட்டிருக்கிறீர்களே, அந்த நம்பருக்கு. உடனே எடுத்துவிட்டார்கள். எடுத்தவன் கேட்டானாம், "ரிக் நம்பர் சொல்லுங்க" என்று.

அதற்கு மேல் இனியா என்னிடம் சொல்லவில்லை. கொட்டையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

தாயைப் பறிகொடுத்த குழந்தையை அந்த வீட்டில் யாரை நம்பி விடுவேன்? நாளைக்கு அவளுக்குக் காய்ச்சல் வந்தால் எந்த ரிக் நம்பரைச் சொல்லிக் கூப்பிடுவாள்? பதில் இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் எழுத வேண்டாம்.

சாரதாமணியைப் பெற்றவள்,
பூவாத்தாள்

*

திருச்செங்கோடு
5-5-2025

அத்தை அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. கேண்டீனில் வைத்துப் படித்தேன். நீங்கள் எழுதியதில் தப்பு எதுவும் இல்லை. கருமாதி இலை உட்பட.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. ஒரு வண்டி நின்றால் ஏன் நின்றது என்று வரிசையாக எழுதத்தான் தெரியும். அப்படியே எழுதுகிறேன்.

அன்று ஒரு புது ரிக்குக்குக் கடைசிச் சோதனை. வண்டியை வெளியே அனுப்புவதற்கு முன் கம்ப்ரசரை முழு அழுத்தத்தில் ஓட்டி, மாஸ்ட் என்கிற அந்த உயரமான தூணை நிமிர்த்திப் பார்ப்போம். அந்த இடத்துக்குள் போகும் எல்லோரும் கைப்பேசியை வாசலில் உள்ள பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அது நான் கொண்டுவந்த சட்டம். ஒரு வெல்டர் போனைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, இறங்கிய மாஸ்டில் அவர் கை நசுங்கியது. அதற்குப் பிறகு கொண்டுவந்தேன். என் போனும் பெட்டியில்தான் இருந்தது. கம்ப்ரசர் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதும் கேட்காது. சோதனை முடிந்து வெளியே வந்து பெட்டியைத் திறந்தபோதுதான் பார்த்தேன்.

சர்வீஸ் போனில் முதலில் ரிக் நம்பர் கேட்க வேண்டும் என்பதும் நான் எழுதிக் கொடுத்ததுதான். வண்டி நின்ற கோபத்தில் ஓனர்கள் எடுத்தவுடன் திட்டுவார்கள். எந்த வண்டி, எந்த ஊர், என்ன கோளாறு என்று தெரிந்துகொள்ளவே நேரம் போய்விடும். நம்பரை முதலில் கேட்டால் எல்லாம் சீக்கிரம் நடந்தது. அதற்காக முதலாளி என்னைப் பாராட்டினார்.

அன்று எடுத்தவன் சரவணக்குமார், புதுப் பையன். சர்வீஸ் போனில் பேசுவதெல்லாம் பதிவாகும். நான் ஒருமுறை கேட்டேன். இனியா, "அப்பா இருக்காங்களா?" என்று கேட்கிறாள். அவன், "ரிக் நம்பர் சொல்லுங்க" என்கிறான். அப்புறம் அவள், "எங்களுக்கு ரிக் இல்லீங்க" என்கிறாள். "அப்படின்னா தப்பான நம்பர் கண்ணு" என்று சொல்லி அவன் வைத்துவிட்டான். அன்பாகத்தான் சொல்கிறான்.

விஷயம் தெரிந்ததும் வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்று வந்து நின்றான். வேண்டாம், நான் எழுதிக் கொடுத்ததைத்தானே நீ கேட்டாய் என்று சொல்லிவிட்டேன்.

தலையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் என்று கேட்டேன். அவர் கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார்.

இங்கே வேலை நடக்கிறது. வண்டிகள் வெளியே போகின்றன. நின்ற வண்டிகளுக்கு ஆள் போகிறது. எனக்கு எதுவும் தோன்றுவதில்லை. பசியும் தெரிவதில்லை, தூக்கமும் தெரிவதில்லை. அழுகையும் வரவில்லை. அதை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தீர்கள். ஆனாலும் எழுதுகிறேன். இனியா என்னோடு இருக்க வேண்டும், அத்தை. எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான்.

முருகானந்தம்

*

எருமப்பட்டி
14-5-2025

மாப்பிள்ளை அவர்களுக்கு,

குழந்தை சுகம். எருமை கன்று போட்டிருக்கிறது. கிடேரிக் கன்று. பேர் வைக்கச் சொன்னால் இனியா யோசித்துச் சொல்கிறேன் என்கிறாள். முன்னெல்லாம் கேட்டு முடிப்பதற்குள் நாலு பேர் சொல்லுவாள்.

உங்கள் காகிதத்தைப் படித்துவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தேன். உலை வைத்தேன். சோறாக்கி இறக்கினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. எங்களுக்கு ரிக் இல்லீங்க என்று குழந்தை சொன்னது நீங்கள் எழுதித்தான் எனக்குத் தெரியும். அந்த நேரத்திலும் மரியாதை விட்டுப் பேசவில்லை பாருங்கள். சாரதா அப்படி வளர்த்தாள்.

நீங்கள் அழாததைக் கவனித்தேன். அன்றைக்கே கவனித்தேன். நானும் அழவில்லை. பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊதுபத்தி எரிந்து தீருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பெத்தவளுக்கு நெஞ்சு கல்லாட்டம் இருக்குது" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சொன்னவள் யார் என்று எனக்குத் தெரியும். அவள் வீட்டு வாசலை இனி மிதிக்க மாட்டேன். ஆனால் நீங்கள் அழாததும் நான் அழாததும் ஒன்று என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நான் போனைப் பெட்டியில் போட்டுப் பூட்டவில்லை.

இந்த வாரம் நடந்ததை எழுதுகிறேன். பக்கத்துக் காட்டுக் காத்தான் போர் போட ரிக் கொண்டுவந்தான். உங்கள் கம்பெனி வண்டி. முதுகில் அந்த நம்பர். இனியா அதைப் பார்த்ததும் எருமை கட்டுகிற கட்டுத்தாரைக்குள் போய்க் கன்றுக்குட்டிப் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். இங்கே வேல்முருகனுடைய போன் அடித்தாலும் அவள் அப்படித்தான், எழுந்து கட்டுத்தாரைக்குப் போய்விடுவாள். சரி, கிடக்கட்டும் என்று விட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் ஆளைக் காணோம். தேடிக்கொண்டு போனேன். புழுதிக்கும் சத்தத்துக்கும் நடுவில் வண்டிக்குப் பக்கத்திலேயே நிற்கிறாள். ரிக் ஓட்டுகிறவன், "பாப்பா, தள்ளி நில்லு, ராடு வந்து மேல உளுந்துரும்" என்று கத்துகிறான். இவள் நகரவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு அவர்கள் டீ குடிக்க உட்கார்ந்ததும் கிட்டப் போய்க் கேட்டாள்.

"அண்ணா, இந்த ரிக் நம்பர் என்னங்கண்ணா?"

"எதுக்கு பாப்பா, எங்க வண்டியத் தூக்கிட்டுப் போயிரலாம்னு பாக்கறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நம்பர் சொல்லுங்க என்று மறுபடியும் கேட்டாள். ஒருத்தன் சொன்னான். அவனிடமே பேனாவை வாங்கி முழங்கைக்குக் கீழே உள்பக்கமாக எழுதிக்கொண்டாள்.

சாயங்காலம் தண்ணி வார்க்கும்போது கேட்டேன், "எதுக்கு அம்மிணி இது?"

"அடுத்த தடவை கேட்டாச் சொல்லோணுமில்ல அம்மாயி" என்றாள்.

சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் அதே இடத்தில் மறுபடியும் எழுதியிருந்தாள். தினமும் தேய்க்கிறேன். தினமும் எழுதுகிறாள். அடிக்கக் கை வரவில்லை.

காத்தான் காட்டில் தண்ணி வரவில்லை. புழுதிதான் வந்தது. ரிக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டான்.

உங்கள் காகிதத்தில் ஏன் நின்றது என்று வரிசையாக எழுதினீர்கள். நல்லது. இதையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாரதாமணியைப் பெற்றவள்,
பூவாத்தாள்

*

திருச்செங்கோடு
20-5-2025

அத்தை அவர்களுக்கு,

வணக்கம். கடிதத்தைப் படித்தேன். அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன்.

காத்தான் காட்டுக்கு வந்த வண்டி இங்கே கட்டியதுதான். போன வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னால் வெளியே போனது. எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தது சாரதா. வண்டியை வெளியே அனுப்பும் பூஜைக்கு அன்று வந்திருந்தாள்.

இரண்டு காரியம் செய்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சர்வீஸ் மேசையில் ஒட்டியிருந்த கேள்விகளைக் கிழித்துவிட்டேன். போனை எடுத்ததும் முதலில் கேட்க வேண்டியது, "சொல்லுங்க, ஆளுக எல்லாம் நல்லா இருக்கறீங்களா?" என்பது. நம்பர் அதற்குப் பிறகுதான். பழகுவதற்குச் சிரமமாக இருக்கிறது. நேற்று ஓர் ஓனரிடம் சரவணக்குமார் இப்படிக் கேட்டதும், "ஆளுகளுக்கு என்னப்பா, மூணு வேளையும் கறிச்சோறு தின்னுட்டு நல்லாத்தான் இருக்கறானுக. வண்டிதான் சாகக் கெடக்குது, அதைக் கேளு மொதல்ல!" என்று கத்தினார். முதலாளியிடமும் புகார் போயிருக்கிறது. அவர் என்னைக் கூப்பிட்டார். எதுவும் கேட்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்.

போன் பெட்டியை எடுக்கவில்லை, அத்தை. பொய் சொல்ல மாட்டேன். அதை எடுத்தால் இன்னொருவன் கை போகும். அதற்குப் பதிலாகப் பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆளை உட்கார வைத்திருக்கிறேன். இப்போது பெட்டிக்குப் பூட்டு இல்லை. யாருடைய போன் அடித்தாலும் அவர் எடுத்துப் பேசுவார். அவசரம் என்றால் உள்ளே சிவப்பு விளக்கைப் போடுவார். விளக்கு எரிந்தால் சோதனையை அப்படியே நிறுத்திவிடுவோம். இதை முதலிலேயே செய்திருக்கலாம். அது அவ்வளவு சுலபமான வேலை. ஒரு ஒயர், ஒரு விளக்கு.

வண்டி கட்டுகிற பொறுப்பை வளவன் என்கிற தம்பியிடம் கொடுத்துவிட்டேன். இப்போது பகல் முழுவதும் நான் சர்வீஸ் மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். இனியாவின் பள்ளிக்கூட வேன் எங்கள் கம்பெனி வாசல் வழியாகத்தான் போகிறது. சாயங்காலம் அவள் இங்கே இறங்கிக்கொள்ளலாம். என் பக்கத்தில் ஒரு நாற்காலி போட இடம் இருக்கிறது.

சில அழைப்புகளில் யாரும் பேச மாட்டார்கள். சிக்னல் இல்லாத ஏதாவது காட்டிலிருந்து வரும். முன்பு உடனே வைத்துவிடுவோம். இனி நாமாக வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

நீங்கள் சொல்லாமல் இனியாவைக் கூட்டிப்போக வர மாட்டேன். சொன்னால் வருவேன்.

முருகானந்தம்

*

எருமப்பட்டி
26-5-2025

மாப்பிள்ளை அவர்களுக்கு,

காகிதம் வந்தது.

வேல்முருகன் இங்கே பள்ளிக்கூடத்தில் பேசிவிட்டு வந்துவிட்டான். யூனிபாரம் தைக்கக் கொடுத்தாயிற்று. வளர வளரப் பிரித்துக்கொள்ளலாம் என்று பாவாடையில் அடியில் மடித்துத் தைக்கச் சொல்லியிருக்கிறேன். ரெண்டு மூணு வருஷத்துக்குத் தாங்கும்.

விளக்குப் போட்டேன், நாற்காலி போட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். காகிதத்தில் எழுதுவது யாருக்கும் முடியும். அடுத்த கோயில் நோம்பிக்குள் தந்துவிடுகிறேன் அக்கா என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்லித்தான் என் ஓரகத்தி அண்டாவையும் தூக்கிப்போனாள். முதலிலேயே செய்திருக்கலாம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை மட்டும் நம்புகிறேன்.

இனியா இன்றைக்கும் கையில் எழுதியிருக்கிறாள்.

பூவாத்தாள்

*

திருச்செங்கோடு
31-5-2025

அத்தை அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் கடிதம் உங்களைச் சம்மதிக்க வைப்பதற்காக இல்லை. நேற்று நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நேற்று மத்தியானம் சர்வீஸ் போனுக்கு ஓர் அழைப்பு வந்தது. நான்தான் எடுத்தேன். "சொல்லுங்க, ஆளுக எல்லாம் நல்லா இருக்கறீங்களா?" என்றேன். பதில் வரவில்லை. காத்திருந்தேன். தூரத்தில் எருமை கத்தியது. பிறகு ஒரு செருமல் கேட்டது.

விருந்துக்கு வரும்போதெல்லாம் உங்கள் வீட்டில் நான் அந்தச் செருமலைக் கேட்டிருக்கிறேன். கதவுக்குப் பின்னால் ஒரு செருமல் வரும். உடனே சாரதா சோற்றுக் கரண்டியோடு என் இலைக்கு வருவாள்.

யாருங்க என்று நான் கேட்கவில்லை. நான் கேட்பது முறை இல்லை. "இருக்கறேனுங்க. மெதுவாப் பேசுங்க" என்று சொன்னேன். அந்தப் பக்கம் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அதற்குப் பிறகு நான் ஏதோ பேசியிருக்கிறேன். என்ன பேசினேன் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. ரொம்ப நேரம் பேசினீங்கண்ணா என்று சரவணக்குமார் சொன்னான். அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினான். எதற்கு என்று கேட்டேன். மொகத்தைத் துடைங்கண்ணா என்றான். அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அழைத்தவர் யாராக இருந்தாலும், வைக்காமல் இருந்ததற்கு நன்றி.

பள்ளிக்கூடம் இரண்டாம் தேதி திறக்கிறது. அவள் அங்கே படிப்பதென்றால் அங்கே படிக்கட்டும். புத்தகம் நோட்டெல்லாம் நானே அனுப்பிவைக்கிறேன்.

முருகானந்தம்

*

எருமப்பட்டி
3-6-2025

மாப்பிள்ளை அவர்களுக்கு,

அது நான்தான். தெரிந்துகொண்டே தெரியாத மாதிரி எழுதியிருக்கிறீர்கள். முறை தெரிந்தவர் என்று அதற்கு மட்டும் ஒரு மார்க் போடலாம்.

நீங்கள் எழுதியது நிசமா என்று பார்க்கத்தான் அடித்தேன். உங்களோடு பேசுவதற்கு இல்லை. வேல்முருகன் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தான். அவன் போனை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனேன். நம்பரை யாரிடமும் கேட்கவில்லை. காத்தான் காட்டில் அந்த வண்டியின் முதுகைப் பார்த்தது போதும் எனக்கு. இன்னும் அந்தப் பெயிண்டு எங்கே உரிந்திருந்தது என்றுகூடச் சொல்லுவேன். அந்தச் சரவணக்குமார் எடுப்பான், ரிக் நம்பர் கேட்பான், கேட்டதும் உங்கள் காகிதங்களை எல்லாம் அடுப்பில் போட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் அடித்தேன்.

நீங்கள் எடுத்தீர்கள். எனக்கு நாக்கு எழவில்லை. இத்தனை வருஷத்துப் பழக்கம். வைத்துவிடலாம் என்று பார்த்தேன், எந்தப் பொத்தானை அமுக்குவது என்றும் தெரியவில்லை.

என்ன பேசினீர்கள் என்று நினைவில்லை என்கிறீர்கள். எனக்கு நினைவிருக்கிறது. கம்பெனிச் சோறு உப்பாக இருக்கிறது என்றீர்கள். சாரதா நட்ட கறிவேப்பிலைக்குத் தண்ணி ஊற்ற மறந்து பாதி காய்ந்துவிட்டது என்றீர்கள். அப்புறம், "குழாயடியில அவ விழுந்த எடத்துல கால்மிதித் துணி அப்படியே கெடக்குதுங்க. அதை எடுக்கத் தெரியலீங்க. தாண்டித் தாண்டிப் போறேன்" என்றீர்கள். அதைத்தான் ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிச் சொன்னீர்கள்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றை எழுதுகிறேன். நான் போனும் கையுமாக நிற்பதைப் பார்த்துவிட்டு இனியா வந்தாள். போன் என்றால் ஓடுகிறவள், என் பக்கத்தில் வந்து எம்பி நின்று, போனுக்கு அந்தப் பக்கம் அவள் காதை வைத்துக்கொண்டாள். உங்கள் குரல் என்று தெரிந்துகொண்டாள். கையைத் திருப்பி, எழுதியிருந்த பக்கம் மேலே தெரிய வைத்துக்கொண்டு நின்றாள். நீங்கள் கேட்டால் உடனே சொல்ல. நீங்கள் கேட்பீர்கள் கேட்பீர்கள் என்று கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் துணியைப் பற்றிச் சொன்னீர்கள். கறிவேப்பிலையைப் பற்றிச் சொன்னீர்கள். கடைசி வரைக்கும் கேட்கவில்லை.

சார்ஜ் தீர்ந்து போன் அணைந்த பிறகு, "அப்பா நம்பரே கேக்கலை அம்மாயி" என்றாள்.

"ஆமா சாமி, கேக்கலை" என்றேன்.

மறுநாள் காலையில் அவளே சோப்பை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனாள். முழங்கை சிவக்கிற அளவுக்குத் தேய்த்தாள். அதற்கப்புறம் எழுதவில்லை. நேற்றும் எழுதவில்லை. இன்றைக்கும் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கன்றுக்குட்டிக்கு மணி என்று பேர் வைத்திருக்கிறாள். அவள் அம்மா பேரில் பாதி.

நான் எதையும் மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். பந்தலுக்கு வெளியே நீங்கள் நின்றதும், இலையை விட்டு எழுந்ததும், எல்லாம் என்னிடம் அப்படியே இருக்கிறது. நான் சாகும்போதும் இருக்கும். அது வேறு, இது வேறு. குழந்தை அப்பாகிட்ட எப்போ போவோம் என்று கேட்கிறாள். அவள் கேட்டதற்காக அனுப்புகிறேன்.

இங்கே தைத்த யூனிபாரத்தைக் காத்தான் பேத்திக்குக் கொடுத்துவிட்டேன். அங்கே புதுசாகத் தைத்துக்கொள்ளுங்கள். அடியில் மடித்துத் தைக்கச் சொல்லுங்கள், மறக்க வேண்டாம். காலையில் வெறும் வயிற்றில் பால் குடிக்க மாட்டாள், ஒரு வாய் இட்டிலி கொடுத்துவிட்டுக் கொடுங்கள். கறிவேப்பிலை காய்ந்ததை ஒடித்துவிட்டு அடியில் கொஞ்சம் புளித்த மோர் ஊற்றுங்கள், துளிர்க்கும். அந்தத் துணியை அவள் வருவதற்கு முன்னால் எடுத்துத் துவைத்துக் கொடியில் போடுங்கள். எடுக்கத் தெரியவில்லை என்று சொல்லக் கூடாது. குனிந்து எடுத்தால் வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேல்முருகன் நாமக்கல் வழியாக அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறான். பஸ் கிளம்பியதும் காத்தான் வீட்டுப் போனிலிருந்து அந்த நம்பருக்கு அடிப்பேன். நீங்களே எடுங்கள். ஒன்றும் கேட்க வேண்டாம், நானும் பேச மாட்டேன். நான் செருமினால், குழந்தை வண்டி ஏறிவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அத்தை,
பூவாத்தாள்